வாலுக்கு ஆகாத இறகு

அமெரிக்காவில் தூண்டில் ஈ கட்டுகிறவர்கள் ஒரு முதல்தரமான சேவல் கழுத்துத் தோலுக்கு நூறு டாலர் கொடுக்கவும் தயங்குவதில்லை. கழுத்துத் தோலை இறகோடு உரித்து, காயவைத்து, அட்டையில் பொருத்தி விற்கிறார்கள். நூற்றுக்கணக்கான இறகுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒல்லியாக, நீளமாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். ஈயின் கழுத்தைச் சுற்றிக் கட்டுவதற்கு இதைவிட நல்ல இறகு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அதே ஈக்கு வால் வைக்க ஏழெட்டு இழை வேண்டும் என்று அந்தத் தோலைப் புரட்டினால், சிலவற்றில் பத்து ஈக்குக்கூடத் தேறாது. ஒரு பறவையின் இறகை அரை நூற்றாண்டுக்கு மேல் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் செம்மையே வாலைக் காணாமல் அடித்துவிட்டது.

தூண்டில் என்றதும் நமக்கு மண்புழுவும் தக்கையும் நினைவுக்கு வரும். ஃப்ளை ஃபிஷிங் என்பது வேறு மரபு. அதில் உயிருள்ள இரையே கிடையாது. ஒரு சிறு தூண்டில் முள்ளின்மேல் நூல், இறகு, விலங்கு மயிர் ஆகியவற்றைக் கட்டிப் பூச்சியின் சாயலைக் கொண்டுவந்து, டிரவுட் மீன் இருக்கும் ஓடையில் வீசுவார்கள். நீருக்குள் அமிழும்படி கட்டினால் அது வெட் ஃப்ளை. நீர்மேல் மிதந்து வரும்படி கட்டினால் டிரை ஃப்ளை. நம் பேச்சு இரண்டாவதைப் பற்றியது.

டிரை ஃப்ளை பெரும்பாலும் நடிப்பது மேஃப்ளை என்ற பூச்சியாக. இந்தப் பூச்சி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஆற்றடிக் கற்களுக்கிடையில் இளம்புழுவாகக் கழிக்கிறது. பிறகு ஒருநாள் நீர்ப்பரப்புக்கு வந்து, தோலைக் கழற்றி, சிறகை நிமிர்த்தி, சற்று நேரம் நீரோட்டத்தில் மிதந்தபடியே நிற்கும். மீன்கள் காத்திருப்பது அந்தச் சற்று நேரத்துக்குத்தான். தப்பிப் பறந்தவை கரையோரச் செடிகளில் இன்னொரு முறை தோலுரித்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். பறக்கும் சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி வகை உலகில் இது ஒன்றுதான். வளர்ந்த பூச்சிக்கு வேலை செய்யும் வாய்கூடக் கிடையாது. உடலின் பின்நுனியில் மட்டும் இரண்டோ மூன்றோ மெல்லிய இழைகள் வாலாக நீண்டிருக்கும்.

டிரை ஃப்ளைகளில் மிகப் பரவலாகத் தெரிந்த ஒன்றின் பெயர் ஆடம்ஸ். 1922-இல் மிச்சிகனில் மேஃபீல்டு என்ற சிற்றூரில் லெனர்டு ஹாலடே என்பவர் கட்டியது. அதைப் போர்டுமன் ஆற்றில் முதலில் போட்டுப் பார்த்த வழக்கறிஞர் நண்பர் சார்லஸ் ஆடம்ஸின் பெயரையே ஈக்கு வைத்துவிட்டார். சாம்பல் நிற உடல், நிமிர்ந்த இரண்டு சிறகு, கழுத்தைச் சுற்றிப் பழுப்பு இறகும் கறுப்பு வெள்ளை வரியோடிய இறகும் சேர்த்துச் சுற்றிய சிலிர்ப்பு. அந்தச் சிலிர்ப்பை ஹாக்கிள் என்பார்கள். பின்பக்கம் அதே இரண்டு நிறமும் கலந்த இழைகளால் ஒரு வால். ஆடம்ஸ் எந்தக் குறிப்பிட்ட பூச்சியின் நகலும் அல்ல. பொத்தாம்பொதுவாகப் பல பூச்சிகளை நினைவூட்டும். நூறாண்டு கழித்தும் மீன்கள் அதைக் கவ்விக்கொண்டிருக்கின்றன.

உண்மையான மேஃப்ளையின் வாலுக்கும் இந்த வாலுக்கும் வடிவத்தில்தான் உறவு. வேலையில் இல்லை. பூச்சி நீர்மேல் நிற்கும்போது கால்களால் நிற்கிறது. வாலைப் பெரும்பாலும் மேலே தூக்கி வைத்திருக்கிறது. சில மில்லிகிராம் எடையுள்ள உயிருக்கு வாலை ஊன்றி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. செயற்கை ஈயின் நிலைமை வேறு. அதன் வயிற்றுக்கடியில் எஃகு முள் தொங்குகிறது. முள்ளின் எடை மிகுதியாக இருப்பது வளைவில், அதாவது பின்பாதியில். முன்பாதியை ஹாக்கிள் தாங்கிக்கொள்ளும். பின்பாதியைத் தாங்க வால் ஒன்றுதான் இருக்கிறது. பூச்சிக்கு உள்ளதுபோல் இரண்டே இழை வைத்தால் ஈ பின்பக்கமாக உட்கார்ந்துவிடும். ஆகவே ஆறிலிருந்து பத்து இழை வரை வைக்கிறார்கள். பார்க்கப் பூச்சியைவிடத் தடித்த வால்தான். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை இங்கே இயற்பியலிடம் தோற்றுவிட்டது; மீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகவும் தெரியவில்லை.

எவ்வளவு தாங்க வேண்டும்? 14-ஆம் எண் முள், மேலே கட்டிய பொருள்களையும் சேர்த்து, 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடைவிசை ஏறக்குறைய 0.0004 நியூட்டன். அறை வெப்பத்தில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். ஓர் இழை நீர்மேல் படுத்திருந்தால் அதன் இரு பக்கமும் நீர்ப்பரப்பு மேலே இழுக்கும். ஆக, மீட்டருக்கு 0.144. வகுத்துப் பார்த்தால், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான இழை நீளம் போதும் என்று வரும். எட்டு மில்லிமீட்டர் நீளத்தில் பத்து இழை என்றால் எண்பது மில்லிமீட்டர். கணக்குப்படி ஈ ஒருபோதும் மூழ்கவே கூடாது.

ஆனால் ஆற்றில் அரை மணி நேரத்தில் மூழ்குகிறது. ஏனென்றால் மேலே போட்டது உச்சக் கணக்கு. நீர் இழையை நனைக்காமல் இருக்கும்வரை மட்டுமே அது செல்லும். இழை நனைந்த இடத்தில் நீர்ப்பரப்பு மேலே தூக்காது. இழையை உள்ளே விட்டுவிடும். அதோடு, இழை வளைந்து கொடுத்தால் நுனி மட்டும் நீர்மேல் கிடக்க, எடை விழும் அடிப்பகுதி அமிழ்ந்துபோகும். எடையை நீளம் முழுவதும் பரப்பிக் கொடுக்க இழை விறைப்பாக இருந்தாக வேண்டும். வால் இழையிடம் எதிர்பார்க்கப்படும் இரண்டு குணமும் இதிலிருந்தே வருகின்றன: நனையக் கூடாது, வளையக் கூடாது. மூன்றாவதாக நீளம் வேண்டும். இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டோடும் சண்டை போடுகிறது.

ஒரு முனை பொருத்தப்பட்ட கம்பியின் மறுமுனையில் எடை வைத்தால் எவ்வளவு வளையும் என்பது பொறியியல் முதலாண்டுப் பாடம். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்காகும். இறகின் இழை நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் போக்கு இதுதான். ஐந்து மில்லிமீட்டரில் முள்போல் குத்தும் இழை பதினைந்து மில்லிமீட்டரில் துவண்டு போகலாம். வாலுக்கு வேண்டியது நீண்டும் துவளாத இழை. அது அரிது.

ஈரமும் சேர்ந்து கெடுக்கும். இறகு கெரட்டினால் ஆனது. கெரட்டின் நீரை உறிஞ்சினால் இளகும். நெருப்புக்கோழி இறகின் கெரட்டினைச் சோதித்தபோது, முழுக்க உலர்ந்த நிலையில் இருந்த விறைப்பு, முழு ஈரத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கடையில் விரலால் நெருடிப் பார்த்து மெச்சிய இழை ஆற்றில் அரை மணி நேரத்துக்குப் பிறகு வேறு ஆளாக மாறுவது இதனால்தான். பஞ்சம் இல்லாத விறைப்போடு தொடங்கினால்தான் பாதி போனபிறகும் மிச்சம் இருக்கும்.

இறகை உருப்பெருக்கியில் பார்த்தால் நனைவதன் மர்மம் விளங்கும். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் கிளைக்கின்றன. ஒவ்வோர் இழையிலிருந்தும் இன்னும் சிறிய நுண்ணிழைகள். பறக்கும் இறகில் இந்த நுண்ணிழைகளில் கொக்கிகள் இருக்கும். பக்கத்து இழையோடு கோத்துக்கொண்டு காற்றுப் புகாத தகடாக்கும். சேவலின் கழுத்து இறகில் வெளிப்புறப் பகுதியில் நுண்ணிழைகள் கிட்டத்தட்ட இல்லை. இழை மொட்டையாக, வழவழப்பாக இருக்கிறது. ஒளி சிதறாமல் திரும்புவதால் அந்த மினுமினுப்பு. தண்டை ஒட்டிய அடிப்பகுதியில் மட்டும் பஞ்சுபோன்ற நுண்ணிழைகள் மிஞ்சியிருக்கும். ஈ கட்டுகிறவர்கள் அதை வெப் என்பார்கள். அந்தப் பகுதி விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுத்துக்கொள்ளும். வாலில் கொஞ்சம் வெப் கலந்தாலும் போதும், ஈ பின்பக்கமாகக் குடிக்கத் தொடங்கிவிடும்.

கோழியின் கழுத்து இறகில் இந்தப் பஞ்சு நுனிவரை ஓடுகிறது. அதனால் கோழி இறகை மூழ்கும் ஈக்கும் சேவல் இறகை மிதக்கும் ஈக்கும் வைப்பது வழக்கம். இந்த வேறுபாட்டின் பின்னால் ஓர் அழகான உயிரியல் இருக்கிறது. சேவலுக்கு விரையை நீக்கினாலும் அதன் பகட்டான இறகு மாறுவதில்லை. மாறாக, கோழியின் சூலகத்தை நீக்கினால் அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவல் இறகு வருகிறது. அதாவது, கோழி இனத்தில் இறகின் இயல்பான வடிவம் சேவலுடையதுதான். ஈஸ்ட்ரோஜன் வந்து அதை அடக்கி மென்மையாக்குகிறது. செப்ரைட் என்ற குட்டைக் கோழியினத்தில் சேவலுக்கும் பெட்டைபோலவே இறகு இருக்கும். அந்தச் சேவல்களின் தோலிலேயே அரோமட்டேஸ் என்ற நொதி மிகுந்து, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. பழப்பூச்சி ஆய்வுகளுக்குப் பெயர்போன தாமஸ் ஹன்ட் மார்கன் நூறாண்டுக்கு முன் இந்தச் செப்ரைட் சேவல்களை மெனக்கெட்டு ஆராய்ந்திருக்கிறார். ஈ கட்டுகிறவர் தேடும் விறைப்பும் வழவழப்பும் ஒரு ஹார்மோன் இல்லாமையின் விளைவு என்று சொன்னால் மிகையாகாது.

சேவலின் உடலிலும் எல்லா இடத்து இறகும் ஒன்றல்ல. கழுத்தின் நடுவரிசை இறகுகள் ஒல்லியானவை, இழைகள் குட்டை. ஹாக்கிளுக்கு இவை. முதுகுப் பின்புறம் இடுப்பின்மேல் சரியும் இறகுகளைச் சேடில் என்பார்கள். கழுத்துத் தோலை விரித்து வைத்தால், தோள்பட்டையை ஒட்டிய இரு ஓரங்களிலும் அகலமான, குட்டையான, மண்வெட்டி அலகுபோன்ற இறகுகள் சில தெரியும். ஸ்பேட் ஹாக்கிள் என்பது அவற்றின் பெயர். தண்டு குட்டை, இழை நீளம், பஞ்சு குறைவு, விறைப்பு அபாரம். நூறாண்டுகளாக டிரை ஃப்ளையின் வால் அந்த ஓரத்திலிருந்துதான் வந்தது.

நல்ல இழையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இறகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பஞ்சுப் பகுதி மங்கலாகவும் மற்றது கண்ணாடியாகவும் தெரியும். இழைகளைத் தண்டுக்குச் செங்குத்தாக இழுத்துப் பிடித்து விரலால் மடக்கிவிட்டால், நல்லது சட்டென்று நிமிரும். சுமாரானது யோசித்து நிமிரும். சிலர் இழை நுனிகளை மேலுதட்டில் தட்டிப் பார்ப்பார்கள். விரல் நுனி காய்த்துப் போயிருக்கும், உதடு பொய் சொல்லாது. அப்படிச் செங்குத்தாகப் பிடித்திருக்கும்போதே நுனிகள் ஒரே வரிசையில் நிற்கும்படி சரிசெய்து, ஒரே இழுப்பில் உரித்தெடுக்க வேண்டும். நுனி ஏறியிறங்கி இருந்தால் நீண்ட இரண்டு மூன்று இழைகளே எடை முழுவதையும் சுமக்கும்.

இனி அளவுக்கு வருவோம். மரபான விதிப்படி வால் முள்ளின் தண்டு நீளம் இருக்க வேண்டும். 14-ஆம் எண் முள்ளில் அது சுமார் 8 மில்லிமீட்டர். நூலுக்கடியில் கட்டுவதற்கு இன்னும் நாலைந்து மில்லிமீட்டர். அடியில் வெட்டி எறிய வேண்டிய பஞ்சைக் கழித்தபிறகும் 12, 13 மில்லிமீட்டர் சுத்தமான இழை கையில் நிற்க வேண்டும். ஆனால் அதே முள்ளுக்கு ஹாக்கிள் சுற்றும் இறகில் இழை 7, 8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் ஈ பெரிதாகிவிடும். ஹாக்கிளுக்கு மிகச் சரியான இறகு வாலுக்கு மிகத் தவறான இறகு. ஒரே பறவை இரண்டையும் தர வேண்டுமானால், கழுத்தின் நடுவில் ஒரு அளவும் ஓரத்தில் அதன் இரட்டை அளவும் இருக்க வேண்டும். பழைய சேவல்களில் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பழைய சேவல்கள் யாருடையவை? இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் டெஸ்ட் ஆற்றங்கரையில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886-இல் மிதக்கும் ஈக்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் மீன்பிடித்த தியடோர் கோர்டன் அவருக்குக் கடிதம் எழுத, 1890-இல் ஒரு தொகுதி ஈக்கள் தபாலில் வந்தன. ஹாம்ப்ஷயரின் ஆறுகள் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வருபவை. மெல்ல, வழுக்கிக்கொண்டு ஓடும். கேட்ஸ்கில் ஆறுகள் கல்லில் மோதிக் குதித்து வருபவை. ஹால்ஃபோர்டின் மென்மையான ஈக்கள் அங்கே மூழ்கிப்போயின. கோர்டன் இன்னும் விறைப்பான இறகு தேடினார். விறைப்பான இறகுக்காக அமெரிக்கர்கள் அலைந்த கதையின் தொடக்கம் இதுதான். ஆனால் கடைக்கு வந்த கழுத்துகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கறிக்காக அறுத்த சேவல்களுடையவை. நாட்டுச் சேவல் இறகை நினைத்துப் பாருங்கள்: அகலம், நீளம், அடியில் பஞ்சு. வாலுக்குப் பரவாயில்லை. சின்ன ஈக்களின் ஹாக்கிளுக்குத்தான் திண்டாட்டம்.

ஆக, முதலில் பற்றாக்குறை ஹாக்கிளுக்கு. அதைத் தீர்க்கச் சிலர் தாங்களே சேவல் வளர்த்தார்கள். கேட்ஸ்கில் பகுதியில் ஹாரி டார்பீ சாம்பல் நிறச் சேவல்களை வளர்த்து, முட்டைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அவை மின்னசோட்டாவில் ஆண்டி மைனரிடம் போயின. மைனரின் கோழிகளிலிருந்து பெருகிய வழி பென்சில்வேனியாவில் பக்கி மெட்ஸின் பண்ணைக்குப் போய் வணிகமானது. இன்னொரு பக்கம் ஆரகனில் ஹென்றி ஹாஃப்மன் வரியோடிய பிளிமத் ராக் சேவல்களை எடுத்துக்கொண்டு, ஆண்டாண்டாக இறகை மட்டுமே பார்த்துப் பொறுக்கினார். 1989-இல் கொலராடோவைச் சேர்ந்த டாம் வைட்டிங் ஹாஃப்மனின் இனத்தை வாங்கினார். வைட்டிங் கோழி மரபியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதற்குப்பின் வேகம் கூடியது. இன்றைக்கு ஒரே சேடில் இறகில் பல ஈக்களுக்குச் சுற்றலாம். அடியிலிருந்து நுனிவரை இழை அளவு அதிகம் மாறாது.

இந்த இறகின் நீளமும் வரியும் 2011-இல் வேறொரு கூட்டத்தின் கண்ணில் பட்டது. அமெரிக்க இளம்பெண்கள் தலைமுடியோடு சேவல் இறகைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் மோகம் கிளம்பியது. அழகு நிலையங்கள் தூண்டில் கடைகளுக்குப் படையெடுத்தன. சேடில் தோல்கள் பல மடங்கு விலைக்குப் போயின. மீன்பிடிப்பவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். அடுத்த ஆண்டே மோகம் தணிந்தது. யாரும் ஸ்பேட் ஹாக்கிளைத் தலையில் சொருகிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு வாய்ப்பும் இல்லை, அது ஏற்கெனவே அருகிப் போயிருந்தது.

ஏன் அருகியது என்பதற்கு இறகு முளைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இறகு தோலிலுள்ள பையில் ஒரு குழாய்போல வளர்கிறது. குழாயின் ஒரு பக்கத்தில் நடுத்தண்டு உருவாகும். எதிர்ப்பக்கத்தில் புதுப்புது இழைகள் தோன்றி, வளர்ந்துகொண்டே குழாயைச் சுற்றி நகர்ந்து தண்டோடு வந்து ஒட்டும். வந்து சேர அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் இழை நீளமாகும். சீக்கிரம் சேர்ந்துவிடும் இழை குட்டையாகும். குட்டை இழைக்காகச் சேவலைப் பொறுக்கும்போது, உண்மையில் இந்தப் பயணத்தைச் சுருக்கும் மரபணுக்களைத்தான் பொறுக்குகிறோம். அந்த மரபணுக்கள் கழுத்தின் நடுவோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓர் உறுப்பைத் தேர்ந்து மாற்றினால் தேர்ந்தெடுக்காத உறுப்பும் கூடவே மாறும் என்பதை டார்வினே 1859-இல் எழுதியிருக்கிறார். அவர் அதைப் புறா வளர்ப்பவர்களிடமிருந்தும் கற்றார். சேவல் விஷயத்தில் நடுக்கழுத்து ஒல்லியாக ஆக, ஓரமும் ஒல்லியானது. வாலுக்காக யாரும் சேவலைப் பொறுக்கவில்லை. வாங்குகிறவர் கடையில் முதலில் பார்ப்பது நடுவரிசையை. விலை வைப்பதும் அதற்கே. பண்ணைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வாலுக்காகவே ஒரு சேவலைப் பொறுக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தச் சோதனையும் நடந்துதான் இருக்கிறது. ஸ்பெயினின் வடக்கே லெயோன் மாகாணத்தில் குருவேன்யோ ஆற்றுப் பள்ளத்தாக்கு; லா வெசிய்யா அங்குள்ள ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்துச் சேவல்களுக்கு இறகுதான் பிழைப்பு. 1624-இல் ஹுவான் தெ பெர்காரா எழுதிய அஸ்தோர்கா கையெழுத்துப் பிரதி மீன்பிடி ஈக்களைப் பருவவாரியாகப் பட்டியலிடுகிறது. இந்த வகைச் சேவல் இறகுகள் அதிலேயே வருகின்றன. சேவல்கள் இரண்டு பெரும் பிரிவு. பார்தோ என்பது பழுப்பில் பொடிப்புள்ளி தெளித்தது. இந்தியோ என்பது புள்ளியற்ற சாம்பல். ஒவ்வொன்றுக்குள்ளும் நிறச்சாயல் வாரியாகத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எஃகு நிறம், வெள்ளி நிறம் என்று அவர்கள் பிரிப்பதைப் பார்த்தால் பட்டுப்புடவைக் கடை நினைவு வந்தே தீரும்.

லெயோன் இறகில் இழை நீளம், கண்ணாடிபோல் ஊடுருவும் பளபளப்பு, அசாத்திய விறைப்பு. ஹாக்கிளுக்கு அது உதவாது, மிகப் பெரிது. வாலுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. பொடிப்புள்ளி ஓடிய ஆறு இழையை வைத்தால், வெளிச்சம் பட்டு நடுநடுவே மறைந்து இரண்டு மூன்று இழைபோலத் தோன்றும். இங்கே சேவலைக் கொல்வதில்லை. உயிரோடு பிடித்து முதுகுப்புற இறகுகளைப் பிடுங்கி, மறுபடி முளைத்ததும் மறுபடி பிடுங்குகிறார்கள். கழுத்துக்காகக் கொல்வதைவிட இது இரக்கமானது என்று சொல்பவர்கள் உண்டு. ஆண்டுக்குச் சில முறை இறகு பிடுங்கப்படும் சேவல் ஒப்புக்கொள்ளுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த மண்ணையும் நீரையும் காற்றையும் விட்டு வெளியே கொண்டுபோனால் இறகின் மினுக்கம் போய்விடும் என்பது அந்த ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. பிறகு வைட்டிங் லெயோன் சேவல்களைக் கொலராடோவில் வளர்த்து, வால் இழைக்கென்றே தனிப் பொட்டலமாக விற்கத் தொடங்கினார். நன்றாகவே விற்கிறது. பள்ளத்தாக்குக்காரர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாலும், இறகில் பெரும்பங்கு பரம்பரையுடையது என்பதைக் கொலராடோ காட்டிவிட்டது. தீவனமும் குளிரும் மெருகு கூட்டலாம். எனக்கு வேடிக்கையாகத் தெரிவது வேறு: ஹாக்கிளை உச்சிக்குக் கொண்டுபோன அதே பண்ணை, அதனால் இழந்த வாலை மீட்க அட்லாண்டிக்கைத் தாண்டி வேறொரு இனத்தைத் தேட வேண்டியிருந்தது.

இறகையே விட்டுவிட்டவர்களும் உண்டு. லீ வுல்ஃப் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நுரைத்து ஓடும் ஆறுகளுக்காக மான் வால் மயிரை ஈயின் வாலாகக் கட்டினார். தடித்த மயிர், நிறைய எடை தாங்கும், நளினம் போய்விடும். வின்சென்ட் மரினாரோ வேறு வழியில் போனார். பென்சில்வேனியாவின் லெடார்ட் ஓடையை வைத்து அவர் 1950-இல் எழுதிய நூலில், வால் இழைகளை ஒரே கற்றையாக விடாமல் இரு பக்கமும் விரித்துக் கட்டச் சொன்னார். விரிந்த வால் படகின் பக்கத் தாங்கிபோல் ஈ சாயாமல் காக்கும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நீரைத் தொடுவதால் தாங்கும் நீளமும் கூடும். குறைந்த இழையில் அதிக வேலை. இப்போது நுனி சிறுத்த செயற்கை இழைகள் பாக்கெட்டில் கிடைக்கின்றன. ஓவியத் தூரிகைக்குச் செய்தவற்றிலிருந்து வந்த யோசனை அது. நீளம் ஒரே அளவு, நீர் ஊறாது, மலிவு. விரித்துக் கட்டுவதற்கு அருமையானது. ஆனால் ஆடம்ஸ் போன்ற ஈயில் அதை வைத்தால் ஏதோ பல்துலக்கும் பிரஷ் மயிரை ஒட்டியதுபோல் இருக்கிறது. புள்ளியும் வரியும் கலந்த இறகு இழையின் உயிர் அதில் இல்லை. மீனுக்கு இந்த அழகியல் தேவையா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

மீன் உண்மையில் என்ன பார்க்கிறது? நீருக்கடியிலிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் ஒரு வட்டச் சாளரத்துக்குள் மட்டுமே தெரியும். நீரின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 48.6 பாகை; ஆகவே சாளரத்தின் கூம்பு 97 பாகை. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு 68 சென்டிமீட்டர். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழு அக எதிரொளிப்பால் கண்ணாடியாகி, ஆற்றடியையே திருப்பிக் காட்டும். ஈ அந்தக் கண்ணாடியின்மேல் மிதந்து வரும்போது உடல் தெரியாது. இழைகள் நீர்ப்பரப்பை அழுத்தும் குழிகள் மட்டும் ஒளிப்பொட்டுகளாக மின்னும். முன்னால் ஹாக்கிளின் பொட்டுகள், பின்னால் வாலின் பொட்டுகள். வால் அமிழ்ந்த ஈயில் பொட்டுகளுக்குப் பதில் முள்ளின் வளைவே கண்ணாடியைக் கிழித்துக்கொண்டு தொங்கும். வால் எந்த நிறம் என்பதைவிட, அது நீர்மேல் நிற்கிறதா என்பதே மீனுக்கு முதல் செய்தி. எனவே நிறத்துக்காக விறைப்பை விட்டுக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் பக்கத்திலும் டிரவுட் உண்டு. நீலகிரியில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து எச். சி. வில்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானவில் டிரவுட்டை நிலைநிறுத்தினார். இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் அது இருக்கிறது. அதே நீலகிரிக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு, மெழுகு பூசிய மஞ்சள் பொட்டுகளுக்காக, சால்மன் ஈ கட்டுபவர்களிடையே பெயர்பெற்றது. அந்தப் பொட்டு டிரை ஃப்ளை வாலுக்குக் கொஞ்சமும் உதவாது. அந்தப் பறவையை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. அதன் பங்கு வேறு வழியில் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: வீட்டுக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள்.

ஆகவே வாலுக்கு நாட்டுச் சேவலைத்தான் பார்க்க வேண்டும். ஹாக்கிளுக்காகப் பொறுக்கப்படாத சேவல் என்பதாலேயே அதன் தோளோரத்து இறகு இன்னும் பழையபடி அகலமாக இருக்கிறது. அமெரிக்காவில் இன்றும் வாலுக்கென்று மலிவான இந்தியக் கழுத்துகளை வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரில் தேடுகிறவர் ஓராண்டு தாண்டிய, காலில் முள் வளர்ந்த சேவலின் கழுத்தைக் கேட்க வேண்டும். இளசில் இறகுத் தண்டுக்குள் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், இழை முதிர்ந்திருக்காது. சண்டைச் சேவலாக இருந்தால் ஓர இறகு முறிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். கறிக்கடையில் வெந்நீரில் முக்குவதற்கு முன்பே தோலை உரித்துத் தரச் சொல்ல வேண்டும். முக்கிய பிறகு இறகு பிடுங்கத்தான் சுலபம், வேறு எதற்கும் ஆகாது. உட்புறக் கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பு அல்லது போராக்ஸ் தடவி, இறகுப் பக்கம் அட்டையில் படும்படி விரித்து நிழலில் காயவைத்தால் ஒரு வாரத்தில் விறைத்துவிடும்.